கறுப்புப் படலத்தின் அடியில்

செல்வராசு இறந்துபோன செய்தி, நான் சிங்கப்பூர் ஃபேரர் பார்க்கில் பசியாறிக்கொண்டிருந்தபோது கைபேசியில் வந்தது. போன வருடம்தான் எழுதப் படிக்கக் கற்றேன். கடைப் பலகைகளையெல்லாம் சிரித்துக்கொண்டே எழுத்துக்கூட்டுகிற கிழவன் நான். அந்த ஒரு வரியை மட்டும் படிக்கத் தெரியாமலே இருந்திருக்கலாம்.

கப்பல் பட்டறையில் அவரோடு வேலை செய்தவர்களுக்கு தகடுகளைத் தட்டிச் சோதிக்கும் அவர் சுத்தியல் சத்தம் நினைவிருக்கும். என்னைவிடப் பத்து வயது இளையவர். கடல்நீர் நிரப்பும் அடித்தொட்டிகளில் சேற்றை வழித்து, நல்ல தகட்டில் சாக்குக்கட்டியால் கோடு போடுவது என் வேலை. கோடு இருந்தால் மறுநாள் சாயம் பூசிவிடுவார்கள். துரு என்றால் சிவப்பு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

ஒரு நாள் நான் கோடு போட்ட தகட்டின் முன் அவர் நின்றுவிட்டார். மூலையில் வழவழவென்று கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. அழுக்குதானே என்று விட்டிருந்தேன். அவர் வழித்தார், அழுகிய முட்டை நாற்றம். அடியில் இரும்பு வெள்ளிபோல் பளபளத்தது. மெல்லத் தட்டினார். சுத்தியலின் கூர்முனை உள்ளே இறங்கியது.

“சிவப்பாத் தேடாதீங்கண்ணே,” என்றார். “உள்ள திங்கிறது கறுப்பாத்தான் இருக்கும்.”

கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் இரும்பில் ஒட்டிப் படலம் கட்டுமாம். அதன் அடியில் காற்றே வேண்டாத கிருமிகள் பெருகி, குழி குழியாக அரிக்குமாம். ஏணியில் ஏறும்போது சொல்லிக்கொண்டே வந்தார்.

அந்த வாரம் முழுக்கக் கோடு போட்டவன் நான். பாதித் தகடுகளுக்குச் சாயம் ஏறிவிட்டது. கப்பல் கிளம்ப இரண்டே நாள். சொன்னால் என்னை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அவரைக் கெஞ்சினேன்.

“எனக்கும் பயமாத்தான் இருக்குண்ணே. அதுல ஆளுங்க போவாங்க. வாங்க, சொல்லிடுவோம் லா.”

சூப்பர்வைசர் முன்னால் நான் வாய் திறக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். திட்டு வாங்கினேன், வேலை தப்பியது. பூசிய சாயத்தை இருவரும் சேர்ந்து சுரண்டினோம். இன்னும் மூன்று குழிகள். கடைசிக் குழியில் என் சுண்டுவிரல் நுனி உள்ளே போனது.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தப் பயம். அந்தக் கப்பல் இன்னும் எங்காவது ஓடிக்கொண்டிருக்கலாம். ஒரு தகட்டையாவது பார்க்காமல் விட்டிருப்போமோ என்று இப்போதும் திடுக்கிடுகிறேன். முன்பெல்லாம் அவரைக் கூப்பிட்டுக் கேட்பேன். எல்லாத்தையும் தட்டிப் பாத்தோம்ணே என்பார்.