காற்றை அளக்க வந்த பெட்டி

எங்கள் வீட்டில் மூடி வைக்காத பொருள் கிடையாது. டிவிக்கு ஒரு துண்டு, மிக்ஸிக்குத் தலையணை உறை, ஸ்கூட்டருக்குத் தார்ப்பாய், ரிமோட்டுக்கு பிளாஸ்டிக் கவர். வருகிறவர்கள் சிரிப்பார்கள். செகந்திராபாத்தில் ரயில்வே குடியிருப்பில் இருந்தவரை அப்பாவுக்கு இந்தப் பழக்கம் இல்லை. ஓய்வு பெற்று சனத்நகரில் வீடு வாங்கிய பிறகுதான் தொற்றிக்கொண்டது. இரண்டு தெரு தள்ளி இரும்பு வார்க்கும் ஃபவுண்டரி ஒன்று இருந்தது. காலையில் துடைத்த மேஜையில் மாலையில் விரலால் பெயர் எழுதலாம். எழுதிய விரலைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

கணவருக்கு மஸ்கட்டில் வேலை. அம்மா போய்ச் சேர்ந்த பிறகு நானும் எட்டு வயது மகளும் அப்பாவோடு வந்து தங்கினோம். முதல் குளிர்காலத்திலேயே மகளுக்கு இழுப்பு வந்துவிட்டது. கண்ணுக்குத் தெரிகிற கரி மூக்கோடு நின்றுவிடும், தெரியாத நுண்துகள்தான் நுரையீரலின் அடிவரை போகும் என்றார் டாக்டர். தெரியாத ஒன்றோடு எப்படிச் சண்டை போடுவது? வீட்டிலேயே நெபுலைசர் வாங்கி வைத்தோம். அப்பா அதன் மேலும் ஒரு கைக்குட்டையைப் போட்டு மூடினார்.

ஃபவுண்டரியில் இரண்டாவது உலை வைக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் அப்பாவுக்குக் கோபம் தலைக்கேறியது. அனுமதி கொடுக்கும் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். அங்கே விதியை விளக்கினார்கள். புதிய உலை வேண்டுமென்றால் சுற்றுவட்டாரக் காற்றை அளந்து காட்ட வேண்டும். நுண்துகள் ஏற்கெனவே வரம்பைத் தாண்டியிருந்தால் அனுமதி கிடைப்பது கஷ்டம். அளக்கிற செலவு யாருடையது என்று அப்பாவிடம் கேட்டேன். கம்பெனியுடையதாம். பரீட்சை எழுதுகிறவனே வாத்தியாருக்குச் சம்பளம் கொடுக்கிற கதையாக இருக்கிறதே என்றேன்.

"மனுசன் பொய் சொல்லுவான். மிஷின் சொல்லாதுட்டி," என்றார் அப்பா. அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிவை அம்மா போன பிறகு நான் பார்த்ததில்லை.

அளக்க வந்த லேப் பையன் மின்சாரம் உள்ள மொட்டைமாடி தேடித் தெருவில் நின்றபோது, அப்பா அவன் கையைப் பிடித்து இழுக்காத குறையாக எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தார். மூன்று கால் வைத்த ஒரு தகரப் பெட்டி. அதற்குள் சின்ன அப்பளம் போல வெள்ளையாக ஒரு வட்டத் தாள். பெட்டி ஒரு நாள் முழுக்கக் காற்றை உறிஞ்சும், துகள் தாளில் தங்கும், பிறகு தாளை எடை போடுவார்கள். வேடிக்கை பார்க்க இஸ்திரிக்கார அம்மா உட்படத் தெருவே மாடி ஏறி வந்தது. அப்பா எல்லாருக்கும் டீ கொடுத்தார். நான் மாதாப்பூர் பஸ்ஸைப் பிடித்து ஆபீஸுக்குப் போனேன்.

மாலையில் திரும்பி வந்து மாடி ஏறினேன். பெட்டியைக் காணவில்லை. அது நின்ற இடத்தில் எங்கள் வீட்டு நீலக்கோடு போட்ட டபுள் போர்வை நின்றுகொண்டிருந்தது. சுற்றிலும் துணி கிளிப். உள்ளே மெஷின் முனகிக்கொண்டிருந்தது.

"அப்பா! என்ன செஞ்சு வச்சிருக்கிய?"

"விலை கூடுன பொருளுல்லா? அந்தப் பையன் போன உடனேயே மூடிட்டேன். கரி படிஞ்சா நாளைக்கு நம்மளத்தான கேப்பான்..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. நான் கிளிப்புகளைப் பிய்த்து எறிந்தேன். போர்வையைக் கைப்பிடிச் சுவருக்கு வெளியே உதறி, மடித்துக் கீழே கொண்டுபோனேன். அப்பா தண்ணீர்த் தொட்டியின் படியில் உட்கார்ந்துவிட்டார். சாப்பிடக் கூப்பிட்டும் இறங்கி வரவில்லை.

மறுநாள் காலை லேப் பையன் வந்ததும் அப்பா நடந்ததை ஒன்றுவிடாமல் இந்தியில் சொல்லி, இன்னும் ஒரே ஒரு நாள் அளக்கச் சொல்லிக் கைகூப்பினார். "ஹவ் சார், ஹவ். டென்ஷன் நக்கோ," என்றான் அவன், ஆமாம், கவலை வேண்டாம் என்று. ஆனால் மெஷின் மத்தியானம் வேறு ஊருக்குப் போக வேண்டுமாம். தாளை எடுத்து உறையில் போட்டான். அது ஏறக்குறைய வெள்ளையாகவே இருந்தது. நான் கத்திப் பார்த்தேன். அவன் மேலதிகாரிக்குப் போன் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

காற்று வரம்புக்குள் இருப்பதாக அறிக்கை வந்தது. அனுமதியும் வந்தது. மழைக்காலம் முடிவதற்குள் இரண்டாவது உலை எரியத் தொடங்கியது. எப்போதாவது வந்துகொண்டிருந்த இழுப்பு மகளுக்கு வாரம் தவறாமல் வந்தது.

அப்பாவும் வாரம் தவறாமல் அந்த அலுவலகத்துக்குப் போனார். நான்தான் மூடினேன், தப்பு என்னுடையது, மறுபடி அளந்து பாருங்கள் என்று மேஜை மேஜையாகச் சொன்னார். அங்கே அவருக்கு 'சாதர்வாலே சாப்' என்று பெயரே விழுந்துவிட்டது. போர்வைக்காரர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையிலும் கடைசி பெஞ்சில்தான் உட்காருவார். பேத்தி மூச்சுக்குத் திணறும் ஒவ்வொரு முறையும், தன் கையாலேயே அவள் மூக்கை மூடிவிட்டதைப் போல அறையை விட்டு வெளியேறிவிடுவார்.

ஒருநாள் துணி வாங்க வந்த இஸ்திரிக்கார அம்மாவிடம் இதைச் சொல்லி ஆற்றாமைப்பட்டேன். அவள் கணவர் ஃபவுண்டரியில் வேலை செய்கிறவர். அவள் துணியை எண்ணிக்கொண்டே தெலுங்கில் சாதாரணமாகச் சொன்னாள்: "ஆ ரோஜு ஃபர்னஸ் பந்த் கதம்மா."

பெட்டி வைத்த அன்றைக்கு உலையையே பற்றவைக்கவில்லையாம். எல்லாருக்கும் சம்பளத்தோடு லீவாம். வீட்டில் சும்மா இருந்த அவள் கணவரும் எங்கள் மாடிக்கு வந்து டீ குடித்துவிட்டுத்தான் போனாராம்.

எனக்கு அந்தப் போர்வை ஞாபகம் வந்தது. எங்கள் மாடியில் பகல் முழுக்க விரித்த துணியை உதறினால் கரி கொட்டும். அன்று நான் உதறியபோது ஒன்றுமே விழவில்லை. துவைக்காமலே கட்டிலில் விரித்திருந்தேன். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

கம்பெனி எங்களை ஏமாற்றியிருக்கிறது. ஆனாலும் அப்பா தலையிலிருந்து ஒரு பாரத்தை இறக்கப் போகிறோம் என்று ஓடினேன். முழுவதையும் கேட்டார்.

"அப்ப நான் மூடாம இருந்தாலும்?"

"மூடாம இருந்தாலும் இதே ரிப்போர்ட்தாம்ப்பா. உங்க மேல தப்பே இல்ல."

"என் தப்பா இருந்தா, மறுபடி அளந்தா சரியாயிரும்னு நெனச்சேன்ட்டி," என்றார்.

அன்று உலை எரிந்ததா இல்லையா என்று யாராவது எழுதி வைத்திருப்பார்கள், கேட்டு வாங்கலாம், வாங்க என்று நான்தான் அவரை இழுத்துப் பார்த்தேன். அதன் பிறகு அவர் எந்த அலுவலகத்துக்கும் போகவில்லை. அவரைப் போக வைத்துக்கொண்டிருந்தது அந்தக் குற்ற உணர்வு ஒன்றுதான் என்று எனக்கு அப்போது தெரியாது.

இதைச் சொன்ன அன்று சாயங்காலமே மகளுக்கு இழுப்பு வந்தது. இந்த முறை அப்பா வெளியே போகவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து, மருந்து தீரும்வரை மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டார். தீர்ந்ததும் நெபுலைசரைத் துடைத்து, வழக்கம்போல அதன் மேல் கைக்குட்டையை விரித்தார். மகள் சுவரில் சாய்ந்தபடி கையை நீட்டி அதைத் தடுத்தாள்.

"நக்கோ தாத்தா, டோன்ட் கவர்," என்றாள். "மறுபடி வேணும்."