கமராவை மறைத்த பொட்டு

கோச் பஸ் வெளிக்கிட இருந்த நேரத்தில் டாஷ்போர்டில் மஞ்சள் லைற் எரிந்தது. அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஜெர்மனிக்கு வடக்கே, பிரெடெரிசியா நகரில் தவராசா அண்ணையின் கோச் கராஜில் நான் மெக்கானிக்காக இருந்தேன். அவர் ஒரே மொடலைத்தான் வாங்குவார். ஜெர்மனியில் பல காலமாக ஒரே பெயரில் வருகிற மொடல். பெயர் மட்டும்தான் ஒன்று. முதலில் வந்ததற்கு ஸ்பானரும் கிறீஸும் போதும். அடுத்ததில் சில்லு சறுக்காமல் பிடிக்கிற ஏபிஎஸ் பிரேக். பிறகு கதவிலிருந்து எஞ்சின் வரை கம்ப்யூட்டர். கடைசியாக வாங்கியதில் முன் கண்ணாடிக்கு உள்ளே, நடுவில் ஒரு கமரா. முன்னால் வாகனம் நின்று, சாரதி கவனிக்காமல் விட்டாலும், அது பார்த்துக் கோச் தானே பிரேக் பிடிக்கும்.

அண்ணைக்கு இதெல்லாம் காதில் ஏறாது. "அதே வண்டிதானே, பெயின்ற்தான் புதுசு" என்பார்.

அன்று ஜெர்மனியில் ஒரு கோயிலில் தேர்த் திருவிழா. புதுக் கோச்சின் முதல் ஓட்டம். ஏறியிருந்தது முழுக்க எங்கள் சனம், பாதி பிள்ளைகள். நான் எல்லாம் பார்த்து முடித்துக் கை கழுவப் போன இடைவெளியில் அண்ணை தேங்காய் உடைத்து, பழைய கோச்சுகளுக்கு வைக்கிற அதே இடத்தில், முன் கண்ணாடியின் வெளிப்புறம் நடுவில் உள்ளங்கையளவு சந்தனத்தை அப்பிக் குங்குமமும் வைத்துவிட்டார்.

சாரதி யூட் மன்னார்க் கத்தோலிக்கன். என்னை ஓரமாகக் கூப்பிட்டான்.

"அண்ணை, பொட்டாலதான் லைற் எரியுது."

"தெரியுதெல்லே, துடைக்கிறதுக்கென்ன?"

"நான் வேதக்காரன். நான் துடைச்சால் சனம் என்ன கதைக்கும்?"

அவனிலும் கோபம் வந்தது. ஆனால் அவன் சொன்னதில் பொய்யில்லை. கோச்சில் ஏறி நின்ற தவராசா அண்ணையிடம் போனேன்.

"பொட்டைக் கொஞ்சம் தள்ளி வையுங்கோ அண்ணை. கமரா மறையுது. உதோட வெளிக்கிடேலாது."

"நல்ல காரியத்துக்குப் போகேக்கை பொட்டை அழிக்கிறதோ? உந்தக் கமரா இல்லாமல் எத்தனை வருசம் ஓடினனாங்கள்? யூட், எடு வண்டியை."

நான் வாளியும் துணியும் கொண்டுவந்து, எல்லாரும் பார்க்கத் துடைத்தேன். லைற் அணைந்தது. உள்ளே ஒரு அம்மா "அபசகுனம்" என்றார். அண்ணை கீழே இறங்கி வந்தார்.

"இனி இந்தப் பக்கம் வராதை."

கோச் போய்ச் சுகமாகத் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு அண்ணை கண்டவரிடமெல்லாம் சொன்னார்: "லைற், லைற் எண்டு பொட்டை அழிச்சவன். பாருங்கோ, ஒண்டும் நடக்கேல்லையே, அந்தக் கமரா எதுக்கு?" நான் துடைத்ததால் கமராப் பிரேக் வேலை செய்கிற கோச்சில்தான் அந்தப் பிள்ளைகள் போனார்கள் என்பதை ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. வேலை போனதைவிட அதுதான் எனக்குச் சுடுகிறது.

கராஜ் வேலைக்கு வருகிற இளம் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். பொட்டு வையுங்கள், நானும் வைக்கிறவன்தான். கண்ணாடி ஓரத்தில் எவ்வளவோ இடம் கிடக்கிறது. பெயர் மாறவில்லை என்பதற்காக வண்டியும் மாறவில்லை என்று நினைக்காதீர்கள். நன்றியையும் எதிர்பார்க்காதீர்கள். நாங்கள் ஒழுங்காக வேலை செய்தால் ஒன்றும் நடக்காது. அந்த ஒன்றும் நடக்காததைத்தான் பிறகு எங்கள் முகத்தில் எறிவார்கள். எறியட்டும். நாளைக்கு அதே கண்ணாடியை என் முன்னால் கொண்டுவந்து விட்டாலும் நான் துடைப்பேன்.