மூன்று கோட்டு வெள்ளை

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் 'மிளகாய்' என்றுதான் கூப்பிடுவார்கள். சின்ன உருவம், சுருக்கென்ற கோபம். இருபது வருடமாக அவள் கண் பார்த்ததெல்லாம் வெள்ளை. வெள்ளை விரிப்பு, வெள்ளைத் தலையணை உறை, வெள்ளை ஓடு பதித்த சுவர். வேலை முடிந்து வாடகை வீட்டுக்கு வந்தால் அங்கும் நாலு பக்கமும் வெள்ளை. "வீட்டுக்கு வந்தும் டூட்டி முடியலன்னே தோணுதுங்க" என்று பஸ் ஓட்டும் கணவனிடம் புலம்புவாள்.

ஒருநாள், மாடியில் குடியிருக்கும் வீட்டுக்காரரை வாசலில் மடக்கினாள்.

"ஐயா, உள்ள நாங்களே பெயின்ட் அடிச்சுக்கலாமா?"

"தாராளமா அடிச்சுக்கோம்மா. ஆணி மட்டும் அடிச்சிடாதே" என்றார் அவர், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே.

பெயின்ட் கடையில் கலர் அட்டையைப் புரட்டிப் புரட்டி அலுத்துப்போய், பையிலிருந்து ஒரு காய்ந்த இலையை எடுத்து நீட்டினாள். "இந்த நிறம் வேணும்."

கடைக்காரர் சிரித்தார். "எல்லாரும் ரோஸ், ஊதான்னு கேப்பாங்க. நீங்க குப்பையைக் கேக்கறீங்களே!" ஆனாலும் கலந்து கொடுத்தார். படுக்கையறைக்குச் சருகு நிறம், சமையலறைக்குப் பாசிப் பச்சை, கூடத்துக்குச் செம்மண்.

அவளும் மகளுமாக இரண்டு விடுமுறை நாளில் அடித்து முடித்தார்கள். மாலை வெயில் ஜன்னல் வழியே செம்மண் சுவரில் விழுந்ததும் கூடமே கதகதவென்று ஆனது. "மண் வாசனை ஒண்ணுதான் பாக்கி" என்றான் கணவன். அன்றைக்கு மிளகாய் வெறுந்தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, விளக்குப் போடக்கூட எழுந்திருக்காமல், சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்தே நாள். ஒழுகும் குழாயைப் பார்க்க வந்த வீட்டுக்காரர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"என்னம்மா இது? வீடா, மாட்டுத் தொழுவமா?"

"நீங்கதானேய்யா அடிச்சுக்கச் சொன்னீங்க?"

"பெயின்ட் அடிப்பேன்னு பாத்தேன். சேறு பூசுவேன்னு கண்டேனா? மாசம் முடியறதுக்குள்ள பழையபடி வெள்ளை ஆகணும். இல்லேன்னா வேற வீடு பாத்துக்கோ."

சுடச்சுட ஒரு பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மகளுக்குப் பரீட்சை நேரம், பள்ளிக்கூடமோ இரண்டு தெரு தள்ளித்தான். கணவன் கண்ணாலேயே கெஞ்சினான். பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள்.

செம்மண் லேசில் மறைகிற நிறமா? வெள்ளைப் பெயின்ட் முதல் கோட்டில் வெளிர் சிவப்பு. இரண்டாவதிலும் அடியிலிருந்து எட்டிப் பார்த்தது. மூன்றாவது கோட்டில்தான் அடங்கியது. மூன்று நாள், தோள்பட்டை கழன்று விழுகிற வலி. ஒவ்வொரு இழுப்புக்கும் வீட்டுக்காரருக்கு ஒரு வசவு. அப்படியும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

ஆறு மாதம் கழித்து வீட்டுக்காரரின் மகன் வெளியூரிலிருந்து வந்து, ஒரு டிசைனரை வைத்து மாடி வீட்டைப் புதுப்பித்தான். வேலை முடிந்ததும் வீட்டைப் பார்க்கக் குடித்தனக்காரர்கள் எல்லோரையும் அழைத்தார்கள். கணவனோடு மேலே போன மிளகாய் கூடத்தில் கால் வைத்தவள் அப்படியே நின்றாள்.

செம்மண். அதே செம்மண். பக்கத்துச் சுவரில் சருகு நிறம்.

"எல்லாம் இயற்கை நிறம்! மனசுக்கு அமைதி தருமாம்" என்று கையை விரித்துச் சொல்லிக்கொண்டிருந்தார் வீட்டுக்காரர். "இந்த ரசனையெல்லாம் எல்லாருக்கும் வராது."

அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"மாட்டுத் தொழுவம் ரொம்ப அழகா இருக்குய்யா."

வீட்டுக்காரர் விரித்த கையை இறக்கினார்.

"என்னம்மா உளர்றே?"

"நான் சொல்லலை, நீங்க சொன்னது. இதே நிறம் கீழ இருந்தா சேறு, மாடிக்கு வந்தா ரசனையா? எந்தப் படியில மாறிச்சுன்னு சொல்லுங்க, இறங்கும்போது பாத்துட்டுப் போறேன்."

"டிசைனர் பண்றதும் நீ பண்றதும் ஒண்ணா?"

"சுவருக்குத் தெரியுமா யார் அடிச்சதுன்னு? மூணு நாள் என் தோளு தெறிச்சுதே, அதுக்கு உங்க டிசைனர் என்ன பேர் வச்சிருக்கார்?"

கணவன் கையைப் பிடித்து இழுத்தான். உதறினாள். சோபாவில் இருந்த வீட்டுக்காரரின் மனைவி மெதுவாக, "அவ கேக்கறது நியாயந்தானே. கீழ் வீடு நல்லாருக்குன்னு அன்னிக்கே சொன்னேன், எங்க கேட்டீங்க?" என்றாள். வீட்டுக்காரர் அடிக்காத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை கீழ்வீட்டு வாசலில் அரை வாளிச் செம்மண் பெயின்ட் இருந்தது. அவள் அதைத் தூக்கிக்கொண்டு போய் மாடி வாசலிலேயே வைத்தாள்.

"மிச்சம் மீதியெல்லாம் வேண்டாம்மா" என்றாள் வீட்டுக்கார அம்மாளிடம். "சொன்னது தப்புன்னு ஐயாவை ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க, போதும்."

அந்த வார்த்தை வரவில்லை. அடுத்த விடுமுறையில் அவளே கடைக்குப் போய் அதே நிறங்களை வாங்கிவந்து, யாரையும் கேட்காமல் அடிக்க ஆரம்பித்தாள். மீட்டர் பார்க்க வந்த வீட்டுக்காரர் சுவரைப் பார்த்தார், ரோலரும் கையுமாக நின்ற அவளைப் பார்த்தார், எண்ணைக் குறித்துக்கொண்டு படியேறிப் போனார்.

"ஜெயிச்சிட்டே போ" என்றான் கணவன்.

"என்னத்தை ஜெயிச்சேன்? என் வீட்டுக்கு எனக்குப் பிடிச்சதை அடிக்க, ஒரே சுவரை அஞ்சு தடவை தேய்ச்சிருக்கேன். அந்த மனுஷன் வாய்ல இன்னும் ஒரு வார்த்தை வரலை" என்று சொல்லிவிட்டு, பாசிப் பச்சை டப்பாவைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.