தமிழ் தெரியாத மிஸ்

பதினேழு பிள்ளைகளின் தலைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிய வேன் ஆயா அமிர்தவல்லி, பதினாறுதான் வருகிறது என்று மறுபடி முதல் இருக்கையிலிருந்து ஆரம்பித்தாள். இடப்பக்கம் குனிந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்த சிநேகாவை இரண்டு முறையும் விட்டுவிட்டாள். கடைசி இருக்கையிலிருந்த விஷாகா பேசாமல் கையை நீட்டிக் காட்டினாள்.

"அய்ய, இங்கதான் கீறியா? தலைய தூக்கு பாப்பா. போலாம் அண்ணாத்த!"

டிரைவர் திருவேங்கடம் சாயங்கால வேனை எடுத்தார். நெம்மேலி தாண்டி மாமல்லபுரம் நோக்கி ஓடியது.

விஷாகா அந்தப் பள்ளியில் ஸ்பானிஷ் ஆசிரியையாகச் சேர்ந்து இது மூன்றாவது மாதம். அதற்கு முன் நான்கு வருடம், சிறுசேரியில் ஒரு கம்பெனிக்காக மெக்சிகோ வாடிக்கையாளர்களின் புகார்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தாள். நல்ல பாடம் என்றால் என்ன என்று நேர்காணலில் பிரின்சிபால் ஜோதிலட்சுமி கேட்டார்.

"என்கிட்ட பேசறதுக்குப் பசங்களுக்கு வேற வழியே இருக்கக் கூடாது மேடம். தண்ணி வேணும்னாலும் சண்டைன்னாலும் அந்த மொழியிலதான் வரணும்."

மேடத்துக்குப் பிடித்துப்போயிற்று. மிஸ்ஸுக்குத் தமிழும் வராது, இங்கிலீஷும் வராது, வெளிநாட்டில் வளர்ந்தவர் என்று பிள்ளைகளிடமும் ஆயாக்களிடமும் சொல்லிவிட்டார். மதுராந்தகத்தில் பிறந்து வளர்ந்த விஷாகா பக்கத்தில் சிரித்தபடி நின்றாள்.

அந்தக் கொள்கை அவளுடையதுதான். ஆகவே பிசகாமல் நடந்தாள். ஆசிரியர் அறைக்குள் பிள்ளைகள் நோட்டோடு வந்து போவார்கள் என்பதால் அங்கேயும் வாய் திறப்பதில்லை. முதல் வாரம் மற்ற ஆசிரியைகள் கண்ணடித்து, காதில் கிசுகிசுத்து விளையாடினார்கள். பிறகு அலுத்துவிட்டது. நான்காம் வகுப்புப் பிள்ளைகள் ஸ்பானிஷில் பிழையில்லாமல் தண்ணீர் கேட்டார்கள், பாத்ரூம் கேட்டார்கள். வேறெதுவும் கேட்கவில்லை. காலை ஆறேகால் வேனுக்காகச் செங்கல்பட்டில் அறை எடுத்திருந்தாள். தினமும் அப்பா பாஷ்யம் போன் செய்து சாப்பிட்டாயா என்பார். சாப்பிட்டேன் என்பாள். பல நாட்களில் அவள் பேசிய முதல் தமிழ்ச் சொல் அதுதான்.

ஆனால் சாயங்காலம் வேனில் அமிர்தவல்லி இருந்தாள். திருக்கழுக்குன்றத்தில் கடைசிப் பிள்ளை இறங்கியதும் பின்னால் வந்து விஷாகா பக்கத்தில் தொப்பென்று உட்காருவாள். திருவேங்கடம் பாட்டுச் சத்தத்தைக் கூட்டுவார். செங்கல்பட்டு வரும்வரை இருபத்தைந்து நிமிடம் அமிர்தவல்லி பேசுவாள். புரியாதவளுக்கு எதற்கு மரியாதை என்று எப்போதும் ‘நீ’, ‘உனக்கு’தான்.

"உனக்கு இன்னா, ஒண்ணும் வெளங்காது, நிம்மதியா கீற. மூஞ்சிதான் எப்பவும் உம்முனு கீது. கண்ணாலம் ஆவலையா?"

குடித்துவிட்டு ஏரிக்கரையில் விழுந்து கிடந்த புருஷன், வளையலை அடகு வைத்த மருமகள், பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்ல முடியாதது எல்லாம் வந்தது. விஷாகா தலையை மட்டும் ஆட்டுவாள். தப்பாகிவிடுமோ என்ற பயமில்லாத இடத்தில்தான் பேச்சு வரும் என்று எங்கோ படித்திருந்தாள். அவள் வகுப்பில் வராதது இங்கே கொட்டியது. அந்த இருபத்தைந்து நிமிடத்துக்காகவே பகலைத் தள்ளினாள்.

அன்றைக்கும் கடைசிப் பிள்ளை இறங்கியதும் அமிர்தவல்லி பின்னால் வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம் போனபின் ஆரம்பித்தாள்.

"காலைல இன்னா ஆச்சு தெரியுமா? மாபலிபுரத்துல அத்வைத்த கையப் புடிச்சு ரோடு கிராஸ் பண்றேன். இந்தப் பக்கம் பைக்கு வந்துகினு கீது, எனக்குத் தெரியவே இல்ல. ஒரு முழம். தப்பிச்சான் புள்ள." இடது கண்ணைப் பொத்திக்காட்டினாள். "இது ஆறு மாசமா பொகை மாதிரி கீது. அதான் தொட்டுத் தொட்டு எண்றேன். ஸ்கூல்ல தெரிஞ்சா வூட்டுக்கு அனுப்பிடுவாங்க. யாருக்கும் சொல்ல மாட்டேன். நீயும் சொல்ல மாட்ட, உனக்கு எங்க தெரியுது!"

சிரித்தாள். விஷாகா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பள்ளியில் சொன்னால் இவள் வேலை போகும். சொல்லாவிட்டால் நாளைக்கும் அதே சாலை. இவளிடமே சொல்லலாம். சொன்னபிறகு இவள் இங்கே வந்து உட்கார மாட்டாள்.

செங்கல்பட்டுக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

"அது கண்புரையா இருக்கும்மா," என்றாள். தன் குரலே கரகரவென்று கேட்டது. "எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. பெரியாஸ்பத்திரில காட்டுங்க. ஆபரேஷன் பண்ணா தெரியும். அதுவரைக்கும் பசங்களை நீங்க கிராஸ் பண்ண வைக்காதீங்க."

அமிர்தவல்லி அவள் வாயையே பார்த்தாள்.

"தமிழு!"

"ஆமா."

"இவ்ளோ நாளா எல்லாத்தையும் கேட்டுகினுதான் இருந்தியா?"

விஷாகா தலையாட்டினாள். பழக்கம்.

"என் புருஷன் கதை, மருமவ கதை... உன் மூஞ்சியப் பத்திக்கூட சொன்னேனே!"

"அது உண்மைதானே."

அமிர்தவல்லி சிரிக்கவில்லை. முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டு முன்னால் போய், கதவருகே உட்கார்ந்தாள்.

மறுநாள் வேன் ஆறேகாலுக்கு வந்தது. மாமல்லபுரத்தில் பிள்ளைகளைச் சாலை தாண்டிக் கூட்டிவரத் திருவேங்கடம் இறங்கினார். "அம்மாவுக்குக் கண்ணு சரியில்லையாம். திங்கக்கிழமை லீவு, பெரியாஸ்பத்திரிக்குப் போவுது," என்று ஒரு பிள்ளையின் தாயிடம் சொன்னார். நான்காம் வகுப்பில் விஷாகா முகத்தின் பாகங்களை நடத்தினாள். உங்களுக்குத் தமிழ் தெரியுமா என்று எந்தப் பிள்ளையும் கேட்கவில்லை. அமிர்தவல்லி அதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. சிநேகா தண்ணீர் கேட்டாள். சாயங்காலம் தலைகளை ஒரே தடவையில் எண்ணியது சிநேகாவும் அத்வைத்தும்தான். அமிர்தவல்லி கூடவே நின்றாள். திருக்கழுக்குன்றத்தில் கடைசிப் பிள்ளை இறங்கியது. திருவேங்கடம் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினார். அமிர்தவல்லி கதவருகிலேயே இருந்தாள். செங்கல்பட்டில் வேன் நின்றதும் எழுந்து வழிவிட்டாள்.

"பாத்து எறங்குங்க மிஸ்," என்றாள்.

விஷாகா இறங்கி அறைக்குப் போனாள்.