சப்பாத்தி மேல் போட்ட பழி

குந்தாரப்பள்ளியைப் பார்த்து ஹைவே ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். பின்னால், வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனி சின்னதாகிக்கொண்டே போனது. அங்கே பார்த்த இரவுக் காவல் வேலையை அன்று விடிந்ததும் விட்டுவிட்டேன். காரணம் கேட்ட சூப்பர்வைசரிடம், மெஸ் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். வடநாட்டுப் பையன்களுக்காகப் போடும் சப்பாத்தி என் வாயில் செருப்புத்தோல் மாதிரி சுற்றிச் சுற்றி வரும். பையில் மிச்சமிருந்த ஒன்றை வழியில் ஒரு நாய்க்குப் போட்டேன். இரண்டே வாயில் தின்றுவிட்டு இன்னும் கேட்டது. நாய்க்கென்ன, எதையும் தின்னும் என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து ஊர் ஊராகப் போய்க்கொண்டிருப்பவன் நான். முன்பெல்லாம் காரணமில்லாமலே கிளம்பிவிடுவேன். இந்த இரண்டு மூன்று வருடமாகச் சாப்பாட்டைச் சொல்லிக் கிளம்பினேன். ஓசூரில் பரோட்டா ரப்பர். மத்தூரில் தேங்காய் உரிக்கப் போன தோப்பில் கறி வேகவே இல்லை. பர்கூரில் சோறே பருக்கை பருக்கையாக நின்றது.

என் வாயில் இருப்பது பல்செட், மேலும் கீழும். எங்கள் பக்கத்துத் தண்ணீர் சின்ன வயதிலேயே பல்லைக் கறையாக்கிவிடும். மிச்சத்தைப் புகையிலை போட்டு நானே முடித்தேன். செட் செய்து கொடுத்த கிருஷ்ணகிரி டாக்டர் வருடம் ஒரு தடவை வந்து காட்டச் சொன்னார். உடையாத பொருளை எதற்குக் காட்டுவது என்று போகவில்லை.

பேசினால் டக் டக்கென்று சத்தம் வரும். கொட்டாவி விட்டால் நாக்கால் பிடித்துக்கொள்ள வேண்டும். வாய் ஓரம் வெடித்து, குழம்பு பட்டால் எரியும். தாடை மூக்கைப் பார்த்து ஏறிக்கொண்டிருந்தது. எல்லாம் வயசு என்று விட்டுவிட்டேன். பர்கூரில் கிரானைட் பாலிஷ் போடும் ஷெட்டில் இருந்தபோது ஈறு புண்ணாகி, செட்டில் குத்துகிற இடத்தைப் பாலிஷ் சக்கரத்தில் வைத்துத் தேய்த்தேன். பளபளப்பு வந்தது. அன்றிலிருந்து ஆட்டமும் கூடியது. மெல்லாமல் விழுங்கியே உடம்பு இளைத்து, பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட வேண்டியிருந்தது.

குந்தாரப்பள்ளியில் அன்று சந்தை. டீ குடித்துவிட்டு மாடுகள் பக்கம் போய் நின்றேன். எலும்பு தெரிந்த ஒரு பசுவை விற்க வந்தவர் தரகனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இது வாய் ருசி பாக்கற மாடுப்பா. எங்க கொட்டாயில போட்டா திங்கமாட்டேங்குது. எடம் மாத்திக் கட்டுனா நல்லாத் திங்கும்."

தரகன் மாட்டின் நாக்கை ஓரமாக இழுத்துப் பிடித்து வாய்க்குள் பார்த்தான். "இப்பிடிச் சொல்லித்தான போன சந்தையிலயும் ஒருத்தர் இத வித்தாரு? பல்லு பூரா தேஞ்சு கெடக்குது. சோளத்தட்டய மென்னு மென்னு கீழ போடுது பாருங்க. எந்தக் கொட்டாயில கட்டுனாலும் இதே வாய்தான?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கீழ்ச் செட் நழுவி உதட்டுக்கு வெளியே வந்துவிட்டது. கையால் தாங்கி உள்ளே தள்ளினேன்.

தரகன் பார்த்துவிட்டான். "பெருசு, உனக்கு எத்தன பல்லு?"

"இருபத்தெட்டு. எல்லாம் வாங்குனது."

"வாங்கி எத்தன வருசம்?"

"ஒம்பது, பத்து இருக்கும்."

"பத்து வருசத்து மாட்ட நானே தொடமாட்டேன், நீ வாயிலயே வெச்சிருக்கற!"

மறுபடி சிரிப்பு. எனக்கு இந்தத் தடவை சிரிக்க வரவில்லை. அந்தப் பசு கொஞ்ச நேரத்தில் அடிமாட்டு லாரியில் ஏறியது. அதற்குப் புதுப்பல் கட்ட ஆளில்லை. எனக்கு உண்டு. அந்த நாய் சப்பாத்தியை எவ்வளவு சுலபமாகத் தின்றது என்று அப்போதுதான் யோசித்தேன்.

பஸ் ஏறிக் கிருஷ்ணகிரி போனேன். பழைய டாக்டரின் இடத்தில் அவர் மகள் இருந்தாள். என் செட்டைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"பல்லு மழுங்கிப்போச்சு. அதவிட, உங்க வாய் மாறிப்போச்சுங்கய்யா. ஈறும் எலும்பும் வருசா வருசம் கொறையும். செட் அப்பிடியேதான இருக்கும்? ஆட ஆரம்பிச்சப்பவே வந்திருக்கணும். இத யாரு தேச்சது?"

"கல்லு பாலிஷ் போடற சக்கரத்துல நாந்தான்."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "புதுசாத்தான் செய்யணும். அளவெடுக்க, மெழுகுல போட்டுப் பாக்க, மாட்டுன பின்னாடி சரி பண்ணன்னு பல தடவ வரணும். அதுக்கு முன்ன புண்ணு ஆறணும். அதுவரைக்கும் இத மாட்டாதீங்க. நீங்க ஊர்லயே இருப்பீங்கல்ல?"

இந்தக் கேள்விக்கு நான் யாரிடமும் நேராகப் பதில் சொன்னதில்லை. பழைய செட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். எந்த பஸ் முதலில் கிளம்புகிறதோ அதில் ஏறுவதுதான் என் வழக்கம். ஓசூர் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. ஏறினால் அங்கேயும் ஒரு மெஸ், அங்கேயும் ஒரு சப்பாத்தி. அந்த வண்டி போகட்டும் என்று ஒரு கடை வாசலில் படுத்துக்கொண்டேன்.

காலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு களிக்கடையில் ஆள் வேண்டும் என்றார்கள். கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும்; மெல்ல வேண்டிய வேலையே இல்லை. கடைக்கார அம்மா என் பொக்கை வாயையும் பையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஓடிப்போற ஆளு மாதிரி இருக்கற. எத்தன நாளைக்கு இருப்ப?"

"பல்லு மொளைக்கற வரைக்கும்" என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே களி கிண்டும் துடுப்பை என் கையில் கொடுத்தாள். உலை கொதித்துக்கொண்டிருந்தது. மாவைக் கொட்டிக் கிண்ட ஆரம்பித்தேன்.