நாக்குச் சொடுக்கு

ஷேக் பரீதுக்கு வேண்டியிருந்ததெல்லாம் ஒரு வீடு. மாடி வீடு, மச்சு வீடு என்று அவர் ஆசைப்படவில்லை. குதிரை வாடை வராத வீடாக இருந்தால் போதும்.

கோயமுத்தூரில் ரேஸ் கோர்ஸுக்குக் கிழக்கே ஒரு வெள்ளைக்கார கேப்டன் குதிரையேற்றப் பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டிருந்தார். காட்டிலாகா வேலைக்குப் படிக்கிறவர்கள், வால்பாறைத் தேயிலைத் தோட்டத்துச் சின்ன துரைமார்கள், பொழுது போகாத மிராசுதார் வீட்டுப் பிள்ளைகள் என்று பலரும் அங்கே வந்து விழுந்து எழுந்து போனார்கள். பரீத் அங்கே பன்னிரண்டு வருஷமாகக் குதிரைக்காரர். குதிரைக்காரர்கள் லாயத்தை ஒட்டியே குடியிருக்க வேண்டும் என்பது கேப்டன் போட்ட சட்டம். குதிரை இருமினால் ஆளின் காதில் விழ வேண்டுமாம். அதனால் பரீதின் அறைக்கும் லாயத்துக்கும் நடுவே வெறும் பலகைத் தடுப்புதான். அந்தப் பக்கம் குதிரை இருமினால் பரீத் எழுந்து ஓடியாக வேண்டும். இந்தப் பக்கம் அவர் மனைவி ரம்லா இருமினால் அதற்குச் சட்டம் ஒன்றும் கிடையாது.

ரம்லாவுக்கு இரைப்பு நோய். இந்த அறைக்கு வாழவந்த இரண்டாம் வருஷமே பிடித்துக்கொண்டது. புல் தூசியும் குதிரை மயிரும்தான் காரணம், இடம் மாறினால் தேறுவாள், மாறாவிட்டால் தன்னால் ஆகாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அனுப்பி வைக்க அவளுக்குப் பிறந்த வீடு என்று ஒன்று இல்லை. ஈரோட்டில் பிளேக் வந்த வருஷத்தில் தாயும் தகப்பனும் ஒரே வாரத்தில் போய்ச் சேர்ந்திருந்தார்கள். வேலையை விட்டுவிடலாம் என்றால், குதிரையைத் தவிர வேறு எதையும் பரீதின் கை தொட்டதில்லை.

சாலைக்கு அந்தப் பக்கம் பயிற்சி மாஸ்டர்களுக்கென்று இரண்டு ஓட்டு வீடுகள் இருந்தன. ஒன்றில் சீனிவாசலு மாஸ்டர் இருந்தார். மற்றது பூட்டிக் கிடந்தது. அதன் சாவி கேப்டனின் நாற்காலிக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்கியது. வருஷத்துக்கு ஒருமுறை பெங்களூரிலிருந்து ஒரு மேஜர் வந்து மாஸ்டர் பரீட்சை வைப்பார். நான்கு பேரைக் குதிரையில் ஏற்றி, மைதானத்தில் வட்டமாக ஓட்டி, திருப்பி, நிறுத்திக் காட்ட வேண்டும். தேறினால் சர்ட்டிபிகேட் வரும், சர்ட்டிபிகேட்டோடு சாவியும் வரும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் வருஷம் பரீத் முதல் தடவை பரீட்சைக்கு நின்றார். வகுப்பு அவ்வளவு அழகாக நடந்தது. நான்கு குதிரைகளும் நூல் பிடித்த மாதிரி ஓடின, நின்றன, திரும்பின. மேஜர் மீசையைத் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "நீ அந்தப் புளிய மரத்துக்கு அப்பால் போய் நில்" என்றார். பரீத் போய் நின்றார். அவ்வளவுதான், வகுப்பு சந்தைக்கடை ஆகிவிட்டது. ஒரு குதிரை நேராக லாயத்துக்கு நடையைக் கட்டியது. இன்னொன்று முதுகில் இருக்கும் ஆளை மறந்து புல் மேய ஆரம்பித்தது. மேஜர் விழுந்து விழுந்து சிரித்தார்.

விஷயம் இதுதான். பரீதுக்குத் தெரியாமலே அவர் நாக்கு சொடுக்கிக்கொண்டிருந்தது. கொள்ளு வைக்கும்போதும் தேய்த்துவிடும்போதும் பன்னிரண்டு வருஷமாகச் சொடுக்கிய நாக்கு. ஒரு சொடுக்குக்கு நட, இரண்டுக்கு ஓடு, நீட்டி ஒன்று இழுத்தால் நில். மேலே உட்கார்ந்திருந்தவர்கள் மூட்டைக்குச் சமம்.

"நீ குதிரைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாய், மனிதர்களுக்கு இல்லை" என்று சொல்லிவிட்டு மேஜர் ரயிலேறினார். பரீதுக்கு அழுகை வந்தது. மானம் போனதற்காக அல்ல, சாவி ஆணியிலேயே தங்கிவிட்டதே என்றுதான்.

அடுத்த ஒரு வருஷம் அவர் பட்டபாடு பெரும் பாடு. மைதானத்தில் இறங்கும்போது நாக்குக்கடியில் ஒரு பேரீச்சங்கொட்டையை வைத்துக்கொள்வார். அது போதாதென்று குதிரைகளையும் மறக்க வைத்தார். லாயத்தில் காரணமில்லாமல் சொடுக்கினார். குதிரைகள் நிமிர்ந்து பார்க்கும். ஒன்றும் கொடுக்காமல் போய்விடுவார். இப்படியே நாள் தவறாமல் ஏமாற்றினார். ஒவ்வொன்றாக அவர் பேச்சைக் காதில் போட்டுக்கொள்வதை நிறுத்தின. ரோஸி என்ற செவலைப் பெண் குதிரைதான் கடைசி வரை மறக்கவில்லை. தலையைத் திருப்பாவிட்டாலும் ஒரு காதை மட்டும் அவர் பக்கம் சாய்க்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் கூடப்பிறந்தவளுக்குத் துரோகம் செய்கிற மாதிரி அவருக்கு இருந்தது.

மனிதர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதும் லேசாக இல்லை. ரேஞ்சர் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்த பொங்கியண்ணன், காங்கயத்துப் பக்கம் பெரிய பண்ணயக்காரர் வீட்டுப் பிள்ளை. ரேக்ளா வண்டி ஓட்டிப் பரிசு வாங்கிய கை அவருடையது. குதிரை வேகமெடுத்தால் போதும், கால் இரண்டையும் முன்னால் ஊன்றி, காளையின் மூக்கணாங்கயிற்றை இழுக்கிற மாதிரி மொத்த உடம்பாலும் கடிவாள வாரை இழுப்பார். காளை நின்றுவிடும். குதிரைக்கு வாய் வலித்தால் தலையைத் தூக்கிக்கொண்டு இன்னும் வேகமாகத்தான் ஓடும்.

"ஏனுங்க, இது மாடு இல்லீங்க. கொஞ்சம் புடிங்க, கொஞ்சம் உடுங்க. புடிச்ச புடியிலயே தொங்குனா எப்படீங்க?" என்பார் பரீத்.

"தெரீதுங்க மாஸ்டரு. ஆனா பயம் வந்தா கை பழைய புத்தியத்தானுங்க காட்டுது" என்பார் பொங்கியண்ணன்.

முப்பத்தாறாம் வருஷப் பரீட்சை நாளில் ரம்லா வாசற்படியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். விலா எலும்பு தெரிய மூச்சு வாங்கியது. "அந்த ஊட்டுல சன்னல் இருக்குதாங்க?" என்று கேட்டாள்.

"ரெண்டு இருக்குது, அம்மணி" என்று சொல்லிவிட்டு அவர் மைதானத்துக்குப் போனார்.

முக்கால் பங்கு நன்றாக நடந்தது. பிறகு எங்கேயோ ஒரு மோட்டார் வெடித்த சத்தத்தில் ரோஸி மிரண்டது. பொங்கியண்ணன் அதன் முதுகில் இருந்தார். பயம் வந்துவிட்டது, கை பழைய புத்தியைக் காட்டிவிட்டது. ரேக்ளா இழுப்பாக இழுத்தார். ரோஸி வானத்தைப் பார்த்துக்கொண்டு, குதிரைகள் தாண்டிப் பழக மைதானத்து ஓரத்தில் போட்டிருந்த தாண்டுகட்டையை நோக்கிப் பாய்ந்தது. பரீதுக்குத் தெரியும். நீட்டி ஒரு சொடுக்கு சொடுக்கினால் நின்றுவிடும், அது ஒன்றாவது நிற்கும். மேஜர் குதிரையைப் பார்க்கவில்லை, பரீதின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பேரீச்சங்கொட்டை நாக்கில் குத்தியது. அவர் சொடுக்கவில்லை.

கட்டை முறிந்த சத்தம் லாயம் வரை கேட்டது. ரோஸி முழங்காலில் விழுந்து எழுந்து நொண்டியபடி ஓடியது. பொங்கியண்ணன் கீழே விழவில்லை. அந்த அடியில் புத்தி தெளிந்து, கொஞ்சம் பிடித்து, கொஞ்சம் விட்டு, ஒழுங்காக நிறுத்திவிட்டார்.

"சபாஷ்! இப்போதுதான் நீ மாஸ்டர். அவனாகவே ஓட்டினான், அவனாகவே நிறுத்தினான்" என்று மேஜர் பரீதுக்குக் கை கொடுத்தார். பரீதின் கண் ரோஸியின் காலில் இருந்தது.

மத்தியானம் கேப்டனின் அறையில் சர்ட்டிபிகேட்டோடு இன்னொரு காகிதமும் இருந்தது. வகுப்பில் குதிரைக்குக் காயம் பட்டால் அந்த வகுப்பை நடத்திய மாஸ்டர்தான் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். உதவாது என்று எழுதினால் குதிரையைச் சுட்டுவிடுவார்கள், அன்று சாயங்காலமே சாவி கைக்கு வரும். தேறும் என்று எழுதினால் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

"உன்னை விட்டால் யார் பார்ப்பது? கால் ஆறும் வரை நீ லாயத்தில்தான் இருக்க வேண்டும். சாவி ஆணியில் இருக்கட்டும்" என்றார் கேப்டன்.

"என்ற ஊட்டுக்காரிய மட்டுமாவது அங்க வெச்சுக்கறேனுங்க, தொரை. அவளுக்கு ஒடம்பு முடியறதில்லீங்க."

"அது மாஸ்டர் வீடு, மாஸ்டர் குடியிருந்தால்தான் திறக்கும்."

பரீத் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த ஒரு வார்த்தையை எழுதிவிடலாம். யாரும் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் தாண்டுகட்டைக்கு முன்னால் ரோஸியின் காது ஒன்று அவர் பக்கம் சாய்ந்ததை அவர் பார்த்திருந்தார். அவருடைய சொடுக்குக்காக அது காத்திருந்தது. தேறும், நாலு மாசம் ஓய்வு வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ரம்லாவிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. "நாலு மாசத்துக்கு எனக்கு மூச்சு இருக்குமான்னு அந்தக் காயிதத்துல எழுதுனீங்களா?" என்று கேட்டாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை. செய்ததும் தப்பு, செய்யாததும் தப்பு.

மருந்துத் துணியை எடுத்துக்கொண்டு லாயத்துக்குப் போனார். ரோஸி வீங்கிய முழங்காலை மடக்கி, சுவரைப் பார்த்து நின்றது. காலையிலிருந்து வாயிலேயே கிடந்த கொட்டையைப் பரீத் அப்போதுதான் துப்பிவிட்டு நாக்கைச் சொடுக்கினார். குதிரை திரும்பவில்லை. மறுபடியும் சொடுக்கினார். காது அசையவில்லை. ஒரு வருஷமாக அவர் சொல்லிக் கொடுத்த பாடம் அன்றைக்குத்தான் அதற்கு முழுசாக ஏறியிருந்தது.

பலகைக்கு அந்தப் பக்கம் ரம்லா இருமினாள். ரோஸி அந்தச் சத்தத்துக்குக் காதைத் திருப்பியது.