கடல் கொண்டுவந்த விதை

பிள்ளைகளே, நான் திருத்துறைப்பூண்டியில் பொக்லைன் ஓட்டுகிறவன். வயலுக்கு எத்தனையோ வாய்க்கால் வெட்டியிருக்கிறேன். காடு வளர்க்க வெட்டியது ஒருமுறைதான்.

அலையாத்திக் காடு அழிந்துபோன கடலோர உப்புத்தரை அது. ஆலோசனை சொல்ல வந்த மேடம், மீன்முள் மாதிரி கிளை கிளையாக வாய்க்கால் வெட்டச் சொன்னார்.

“நடுறதுக்குக் கன்னு எங்க மேடம்?”

“கடலே கொண்டாந்து குடுக்கும்ண்ணே.”

“கடலு நர்சரி வேற வச்சிருக்கா?” என்றேன். சிரித்தார். ஆனால் இந்தத் துண்டு நிலத்தில் செடி முளைத்தால்தான் மீதி இடத்திலும் வேலை நடக்கும். அந்தக் கவலை அவர் முகத்தில் தெரிந்தது.

வெட்டி முடித்த அன்று சாயங்காலம் கடல் ஏறியது. உள்ளே வந்த தண்ணீர் முதல் கிளையின் வாயிலேயே நின்றுவிட்டது. அங்கே கொஞ்சம் மண்மேடு தங்கியிருந்தது.

“ஐயோ, ஏறலையேண்ணே!”

“இருங்க மேடம்.” மண்வெட்டியோடு சேற்றில் குதித்து மேட்டை வெட்டிவிட்டேன். தண்ணீர் சலசலவென்று ஓடியது. ஏதோ மிதந்து வந்து என் காலில் முட்டியது. எடுத்துப் பார்த்தேன். பச்சை விதை! நுனியில் வேர் எட்டிப் பார்த்தது.

“அலையாத்தி விதைண்ணே. விட்டுடுங்க, போற எடத்துக்குப் போவட்டும்.”

மெல்ல விட்டேன். பின்னாலேயே இன்னும் பல விதைகள் வந்தன.

மழைக்காலம் கழிந்து நான் மறுபடி அங்கே போனபோது கிளைகளின் ஓரமெல்லாம் செடிகள். எந்த மரத்திலிருந்து புறப்பட்டு வந்தனவோ! இப்போதெல்லாம் ஓடுகிற தண்ணீரைக் கண்டால், அது எதைக் கொண்டுபோகிறது என்று குனிந்து பார்க்கிறேன்.